கிளிஞ்சல் மேட்டு மேக்னட்டோ

பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? இது பகல் பன்னிரண்டு மணிக்கு நடந்தது. கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில். நடந்தது சத்தியம். நான் ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை. சொன்னவன் வாயில் வந்த கெட்ட வார்த்தைகளை வேண்டுமானால் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.

நடந்தது எனக்கு அல்ல, சகாதேவனுக்கு. பொன்னேரியில் என் ஜெராக்ஸ் கடைக்கு எதிர்ச் சந்தில் இருபது வருஷமாகக் குடியிருப்பவன். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வயது ஐம்பத்தாறு. பொய்யே சொல்லாத ஆள் என்று சொல்ல மாட்டேன். லீவு எடுக்கப் பொய் சொல்வான். ஆனால் ஸ்பேர் பார்ட்ஸ் விஷயத்தில் பொய் சொல்ல மாட்டான். இது ஸ்பேர் பார்ட்ஸ் விஷயம்.

அவனிடம் ஒரு பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் உண்டு. எம் ட்வென்ட்டி. உலகப் போருக்காக இங்கிலாந்தில் செய்து, போர் முடிந்ததும் பட்டாளம் இங்கேயே விட்டுவிட்டுப் போன வண்டிகளில் ஒன்று. மாமனார் ஓட்டிக்கொண்டிருந்தது, கல்யாணத்தோடு இவனுக்கு வந்தது. பொண்ணும் வண்டியும் ஒரே நாளில் வந்தார்கள் என்று நாங்கள் கேலி செய்வோம்.

பொண்ணு பெயர் காந்தா. முப்பது வருஷம் அந்த வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்து போனவள். பின் சீட் என்றால் இப்போதைய வண்டி போல ஒரே நீள சீட் இல்லை. பின் மட்கார்டின் மேல் ஸ்பிரிங் வைத்து, இரண்டு போல்ட்டில் நிற்கும் சின்னத் திண்டு. அதற்கு நீல ரெக்சினில் உறை தைத்ததும் அவள்தான். நாலு வருஷத்துக்கு முன் காமாலையில் போய்விட்டாள். காரியம் முடிந்த அன்று சகாதேவன் ஒரு தார்ப்பாய்த் துண்டை எடுத்து அந்தச் சீட்டின் மேல் போர்த்தி, கயிறு சுற்றி முடிச்சுப் போட்டான். அதே மாதம் வண்டியும் நின்றுவிட்டது.

மகள் சந்தியா பெங்களூரில் இருக்கிறாள். போன வருஷம் சித்திரையில் வந்தபோது கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "நைனா, ஓடாத வண்டியப் பாத்துகினு எத்தினி நாள் தனியா உக்காந்திருப்ப? பெங்களூர்ல ஒருத்தர் வாங்கிக்கறேன்னு சொல்றாரு. ஜூன் எட்டாந்தேதி வருவாரு. அதுக்குள்ள ஓடுச்சுன்னா நீயே வெச்சுக்கோ. ஓடலன்னா வண்டி அவருக்கு, நீ என் வூட்டுக்கு."

"சீட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிடேன்" என்று நான்கூட யோசனை சொன்னேன்.

"சீட்ட மட்டும் வெச்சுகினு இன்னா பண்றது? அவ வண்டியிலதான உக்காருவா" என்றான்.

வண்டிக்கு மூன்று சாமான் வேண்டும். கார்ப்பரேட்டர், கிக்கருக்கு உள்ளே இருக்கும் அரை வட்டப் பல்சக்கரம், மேக்னட்டோ. மூன்றாவதுதான் உயிர். அதுதான் பிளக்குக்கு நெருப்புப் பொறி கொடுப்பது. அவனுடையது குளிர்ந்திருக்கும்போது பொறி கொடுக்கும், சூடானதும் செத்துவிடும். புதுப்பேட்டையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்தான். கிடைத்ததெல்லாம் டூப்ளிகேட். இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் எட்டு வாரம் என்றார்கள். அவனிடம் ஐந்து வாரம்தான் இருந்தது.

ஆரம்பாக்கத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் கோபால்தான் வழி காட்டினார். "எங்க நைனா சொல்லும் சார். சின்னப்பன்னு ஒரு எறா ஏஜெண்டு. இதே வண்டில பின்னால பொட்டி கட்டி, எறாவ ஏத்திகினு இந்த ரயில் ஸ்டேஷனுக்கு வருவாராம். ஏரி காஞ்சிருந்தா சுத்திகினு வர மாட்டாராம், குறுக்காலயே வண்டிய வுட்டுடுவாராம். பழவேற்காட்டு ஏரில கிளிஞ்சல் மேடுன்னு ஒண்ணு கீது. அங்கதான் அவரு வூடு. போய்ப் பாருங்க, எதுனா கெடக்கும்."

மே நாலாந்தேதி, ஞாயிற்றுக்கிழமை. பழவேற்காட்டில் படகு பிடித்தான். படகுக்காரர் தனசேகர், பசியாவரத்துக்காரர், நண்டு வலை போடுகிறவர். கிளிஞ்சல் மேட்டில் இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வரச் சொன்னதும், "பறவை பாக்கவா சார்?" என்று கேட்டார். சகாதேவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

இதுதான் அவன் செய்த தப்பு. பழைய வண்டிக்கு சாமான் தேடுகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. சாமான் கிடைக்கிற இடத்தைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் மறுநாள் இன்னொருத்தன் போய் அள்ளிக்கொண்டு வந்துவிடுவான் என்று. சின்னப்பனைப் பார்க்கப் போகிறேன் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை தனசேகரிடம் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மேட்டில் ஏறியபோது மணி 11.55. வெள்ளை வெளேரென்று கிளிஞ்சல் ஓடு. நாலைந்து வேலிக்காத்தான் மரம். ஒரு குடிசை. வாசலில் ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான். நாற்பது வயது இருக்கும். இடுப்பில் லுங்கி.

லுங்கி நனைந்திருந்தது. முழங்கால் வரைக்கும் சொட்டச் சொட்ட.

"முகத்துவாரம் வெட்டிட்டாங்களா அண்ணா?"

அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. ஏரி கடலில் சேரும் வாயைத்தான் முகத்துவாரம் என்பார்கள். கோடையில் மண் தூர்ந்து அடைத்துக்கொள்ளும். வெட்டிவிட்டால்தான் கடல் தண்ணீர் உள்ளே வரும்.

"தெரியலியேப்பா. நான் பொன்னேரி. இங்க சின்னப்பன்னு..."

"நான்தான்."

கோபால் சொன்ன சின்னப்பனுக்கு இப்போது எண்பது வயதாவது ஆகியிருக்க வேண்டும். மகனாக இருக்கும், அப்பா பெயரையே வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். வேண்டியதைச் சொன்னான். சின்னப்பன் குடிசைக்குள் போய் ஒரு ஈரச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே கார்ப்பரேட்டர்.

சகாதேவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வார்ப்பு எழுத்து, ஊசி, மிதவை எல்லாம் ஒரிஜினல். தேய்மானமே இல்லை. உப்புத் தண்ணீர் ஏரிக்கு நடுவில் கிடந்த சாமானில் ஒரு பொட்டுத் துரு இல்லை. சேற்று வாடை மட்டும் அடித்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? அவன் ஏன் என்று கேட்கவில்லை.

"எவ்ளோ?"

"காசு வேணா. பழசக் குடுத்துட்டுப் போ."

சாமான் வியாபாரத்தில் இது புதிதில்லை. பழசைக் கொடுத்து நல்லதை வாங்குவது எல்லா இடத்திலும் உண்டு. அளவு ஒப்பிட்டுப் பார்க்க எடுத்து வந்திருந்த, பித்தளைப் பற்று வைத்த தன் பழைய கார்ப்பரேட்டரைக் கொடுத்தான். மற்ற இரண்டும் இருக்கிறதா என்று கேட்டான்.

"கீது. அடுத்த தபா வா. ஒண்ணு ஒண்ணா வாங்கிக்கோ. எல்லாத்தையும் இன்னிக்கே குடுத்துட்டா அப்பால நீ வர மாட்டியே."

சிரிப்பு இல்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தனியாக இருக்கிறவன் சொல்கிறான் என்று சகாதேவனுக்குப் புரிந்தது. தன் வீட்டுக்கு வரும் கேஸ்காரனை இவனும் அப்படித்தான் ஐந்து நிமிஷம் நிறுத்திவைத்துப் பேசுவான். அதனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தான்.

திரும்பும்போது படகில்தான் ஒன்று உறைத்தது. அந்தக் குடிசையில் அடுப்பு இல்லை. தண்ணீர்க் குடமும் இல்லை.

மே பதினெட்டு. 11.50. இரண்டாவது முறை.

சின்னப்பன் அதே இடத்தில் நின்றிருந்தான். லுங்கி அதே ஈரம். காலடியில் ஓடுகள் நனைந்து கறுத்திருந்தன. அந்த வெயிலில் எச்சில் துப்பினால் தரையில் விழுவதற்குள் காய்ந்துவிடும்.

"முகத்துவாரம் வெட்டிட்டாங்களா?"

"தெரியலப்பா. இது உங்க அப்பா வண்டியா?"

"என் வண்டி."

பல்சக்கரத்தைக் கொடுத்தான். இவன் இரண்டு பல் போன பழசைக் கொடுத்தான். மிச்ச வண்டியைப் பார்க்கலாமா என்று குடிசைக்குப் பின்னால் எட்டு வைத்தான். சின்னப்பன் கையை நீட்டி மறித்தான்.

"அங்க போவாத. சேறு."

சகாதேவன் எட்டிப் பார்த்தான். எலும்பு மாதிரி காய்ந்த தரை. சேறு எங்கேயும் இல்லை.

அன்றைக்கு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். வீட்டில் யார் என்று சின்னப்பன் கேட்டான். யாருமில்லை என்றான் இவன். பின்னால் உட்கார ஆள் உண்டா என்று கேட்டான். இருந்தாள், இப்போது அவள் சீட் மட்டும் இருக்கிறது என்றான் இவன். தார்ப்பாய் போர்த்தியது, முடிச்சுப் போட்டது, அதை அவிழ்க்கக் கை வராதது, எல்லாவற்றையும் சொன்னான். நாலு வருஷமாக என்னிடம் சொல்லாததை எல்லாம் அந்த மேட்டில் சொல்லியிருக்கிறான். எனக்கு இன்னமும் அதில் வருத்தம்தான்.

சின்னப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். கடைசியில், "என் வண்டில பின் சீட்டு இல்ல. பொட்டிதான். அதான் யாரும் ஏற மாட்டேங்குறாங்க" என்றான்.

படகில் ஏறியதும் தனசேகர் அவன் முகத்தைப் பார்த்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. பூநாரையெல்லாம் போய் ஒரு மாசம் ஆவுது. இன்னாத்தப் பாக்கறீங்க அங்க?"

சகாதேவன் சிரித்து மழுப்பிவிட்டான்.

ஜூன் ஒன்று. மூன்றாவது முறை.

காற்றே இல்லை. ஏரி தகடு மாதிரி கிடந்தது. கிழக்கே தூரத்தில் ஒரு மஞ்சள் மிஷின் கை தூக்கி நின்றுகொண்டிருந்தது. என்ன அது என்று கேட்டான்.

"முகத்துவாரம் சார். நேத்து சாயங்காலம் வெட்டிட்டாங்க" என்றார் தனசேகர்.

11.58. மேட்டில் ஏறினான். சின்னப்பன் வாசலில் சாக்கு விரித்து மேக்னட்டோவை வைத்துக் காத்திருந்தான். சகாதேவன் அதை எடுத்து, முனையில் ஒரு விரலை வைத்துக்கொண்டு அச்சைச் சுழற்றினான். படீர் என்று தோள் வரைக்கும் அடித்தது. அவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வலியால் இல்லை. வண்டி ஓடும். ஜூன் எட்டாந்தேதி வருகிறவர் வெறுங்கையோடு போவார். காந்தாவின் சீட் வீட்டிலேயே இருக்கும்.

சிவப்பு டேப் சுற்றிய தன் பழைய மேக்னட்டோவை எடுத்து நீட்டினான். சின்னப்பன் வாங்கிக்கொண்டான்.

"இது பத்தாது. பின் சீட்டு வேணும்."

"எது?"

"உன் பின் சீட்டு. உனக்கு எதுக்கு? தனியாத்தான போற?"

சகாதேவன் மேக்னட்டோவை மார்போடு அணைத்துக்கொண்டான். "அது என் சம்சாரத்து சீட்டு. அத மட்டும் கேக்காத தம்பி. வேற எது வேணா கேளு."

சின்னப்பன் பழைய மேக்னட்டோவைச் சாக்கில் சுற்றிக் கட்டினான். ஒரு காக்கை கூடக் கத்தவில்லை. அந்த மேட்டில் மூன்று முறையும் ஒரு பறவையைக்கூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் சகாதேவனுக்கு நினைவுக்கு வந்தது.

"முகத்துவாரம் வெட்டிட்டாங்களா?"

பேச்சு மாறியதே என்ற நிம்மதியில் சகாதேவன் சட்டென்று சொன்னான். "நேத்தே வெட்டிட்டாங்களாம்."

மணி 12.17. கையில் கடிகாரம் இருந்தது. பார்த்தான்.

சின்னப்பன் முகம் அப்படியே நின்றுவிட்டது.

"எண்ணிட்டாங்களா?"

"இன்னாத்த?"

"வூட்ட. வூட்டுக்கு ஒரு கிளிஞ்சல் போட்டு எண்ணுவாங்களே... எல்லாரும் கரையில கீறாங்களான்னு... என் வூட்டு கிளிஞ்சல யாரு போட்டது?"

"எனக்குத் தெரியாது தம்பி..."

"எனக்கு ஒருத்தரும் சொல்லலியே."

குரல் உயரவில்லை. குழந்தை கேட்பது போலக் கேட்டான்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

சள்... சள்... சள்...

தண்ணீர்.

குடிசைக்கு உள்ளே இருந்து.

வாசலைத் தாண்டி வந்தது. கறுப்பாக. அவன் செருப்பைத் தொட்டது. ஐஸ் மாதிரி இருந்தது.

"வா அண்ணா. தண்ணி வர்றதுக்குள்ள போய்டலாம். வந்து ஏறு."

சின்னப்பன் குடிசைக்குப் பின்னால் போனான்.

கிக்கர் சத்தம். ஒன்று... இரண்டு...

டப்... டப்... டப்... டப்...

பி.எஸ்.ஏ. இன்ஜின். அந்தச் சத்தத்தை அவன் தூக்கத்திலும் அடையாளம் சொல்வான்.

ஆனால்...

அந்த வண்டியின் கார்ப்பரேட்டர் பொன்னேரியில் இருக்கிறது.

பல்சக்கரம் பொன்னேரியில்.

மேக்னட்டோ தன் கையில்.

ஓடினான்.

சறுக் சறுக்கென்று ஓடுகள் நொறுங்கின. பின்னால் டப் டப் டப் டப்... நெருங்கியது. திரும்பவில்லை. கால் முழங்கால் வரைக்கும் புதைந்தது. காய்ந்த தரைதான். புதைந்தது. பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

"ஏறு அண்ணா..."

காதுக்குப் பக்கத்தில்.

பக்கத்திலேயே நண்டு வலை போட்டுக்கொண்டிருந்த தனசேகரின் படகு கண்ணில் பட்டது. தண்ணீரில் விழுந்தான்.

சத்தம் நின்றது.

12.31.

தனசேகர் அவனைத் தூக்கிப் படகில் போட்டார். முதலில் அவர் பார்த்தது அவன் காலை. முழங்கால் வரை கருஞ்சேறு. பிறகு மேட்டைப் பார்த்தார். காய்ந்து வெளுத்துக் கிடந்தது.

"சேறு எங்க சார் மிதிச்சீங்க?"

"குடிசையாண்ட..."

"குடிசையா? அங்க இன்னா குடிசை கீது?"

சகாதேவன் திரும்பிப் பார்த்தான். வேலிக்காத்தான் மரங்கள் இருந்தன. குடிசை இல்லை.

அதன் பிறகுதான் சின்னப்பன் பெயரைச் சொன்னான். தனசேகர் இன்ஜினை அணைத்துவிட்டார். கொஞ்ச நேரம் படகு தானாக மிதந்தது. அவர் சொன்னது இதுதான்.

அந்தக் காலத்தில் முகத்துவாரத்தைக் கையால்தான் வெட்டுவார்கள், ஊர் கூடி. இப்போது போல ஏரியை ஆழப்படுத்தவில்லை, கோடையில் முக்கால்வாசி காய்ந்திருக்கும், ஜனங்கள் குறுக்கே நடந்து போவார்கள். வெட்டியதும் தண்ணீர் வரும். மேலே காய்ந்த மாதிரி இருக்கும் தரை உள்ளே கூழாகிவிடும். அதனால் வெட்டுவதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு கிளிஞ்சல் கூடையில் போட வேண்டும், எங்கள் வீட்டு ஆட்கள் எல்லாரும் கரையில் இருக்கிறார்கள் என்று. கணக்கு சரியாக இருந்தால்தான் மண்வெட்டி எடுப்பார்கள். சின்னப்பனை, யார் எங்கே வலை போடுவது என்பதில் ஏதோ தகராறு என்று அவன் குப்பம் ஒதுக்கி வைத்திருந்தது. அவன் தனியாக மேட்டில் குடிசை போட்டுக்கொண்டான். எண்பத்தேழில் வெட்டியபோது ஊரில் எத்தனை வீடோ அத்தனை கிளிஞ்சல் இருந்தது. கணக்கு சரி. அவன் வீடுதான் ஊரில் இல்லையே.

"எறாப் பொட்டியோட ஆரம்பாக்கத்துக்குக் குறுக்கால கெளம்பினாராம். மத்தியானம் பன்னண்டு மணி. வண்டியும் கெடைக்கல, ஆளும் கெடைக்கல. அப்பால எப்ப வெட்டினாலும் அவருக்குன்னு ஒரு கிளிஞ்சல் சேத்துப் போடுவாங்க சார். இந்தத் தபா மிஷினு. யாரு எண்ணுனாங்க?"

சகாதேவன் கையைப் பார்த்தான். மேக்னட்டோ பத்திரமாக இருந்தது.

அதை ஏரியிலேயே போட்டுவிட்டு வந்திருக்க வேண்டாமா? நான் தலையால் அடித்துக்கொண்டேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே என்றேன். "பேய் குடுத்தாலும் ஒரிஜினல் ஒரிஜினல்தான்" என்றான். வெளியில்தான் அப்படிப் பேசினான். வண்டி ஓடாவிட்டால் காந்தாவை விட்டுவிட்டுப் போக வேண்டும். அந்தப் பயத்துக்கு முன்னால் மற்ற பயம் அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் மூன்று, மாலை 6.20. இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. எட்டாந்தேதி பெங்களூர்க்காரர் வந்தார், காபி குடித்தார், போனார். சந்தியா போனில், "சரி நைனா, நீ ஜெயிச்சுட்ட" என்றாள்.

அதன் பிறகு அவனைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. காலையில் அந்த வண்டியில்தான் வேலைக்குப் போனான், பின் சீட்டின் தார்ப்பாயை மட்டும் அவிழ்க்கவில்லை. கிளம்புவதற்கு முன் லேசாகத் தலையைத் திருப்பி, "உக்காந்துட்டியா?" என்று கேட்பான். காந்தா இருந்தபோது கேட்ட அதே கேள்வி. பின் சீட் ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கும் என்றான். பழைய ஸ்பிரிங் அப்படித்தான் என்று நான் நினைத்தேன். போகிற வழியெல்லாம் பேசுவான். அன்றாடம் நடந்தது, சந்தியா சொன்னது, முழங்கால் வலி எல்லாம். வண்டி நிற்கிற இடத்தில் காலையில் கொஞ்சம் ஈரம் இருக்கும். இங்கிலீஷ் வண்டி ஒழுகாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும், ஆயில் என்று விட்டுவிட்டான். தொட்டுப் பார்த்திருந்தால் தண்ணீர் என்று தெரிந்திருக்கும்.

ஜூன் இருபத்துநாலு, செவ்வாய்க்கிழமை, காலை 10.05. ஆரம்பாக்கத்திலிருந்து கோபால் போன் செய்தார்.

"சார், முழு பி.எஸ்.ஏ. ஒண்ணு வந்துகீது. ஏரிய ஆழப்படுத்தற மிஷினு கிளிஞ்சல் மேட்டாண்ட வாரிப் போட்டுச்சாம். எடைக்குக் குடுத்துட்டுப் போனாங்க. ஸ்பேர் எதுனா வேணும்னா வந்து கழட்டிக்கோங்க."

சகாதேவன் தன் வண்டியிலேயே போனான். 11.40க்குக் கடை வாசலில் நிறுத்தினான்.

உள்ளே அது படுத்திருந்தது. முப்பத்தெட்டு வருஷத்துச் சேறு கல்லாக இறுகியிருந்தது. கோபால் தண்ணீர் அடித்துக் கொஞ்சம் கழுவியிருந்தார். சகாதேவன் குனிந்து பார்த்தான்.

கார்ப்பரேட்டரில் அவன் கையால் வைத்த பித்தளைப் பற்று இருந்தது.

கிக்கர் மூடி உடைந்திருந்தது. உள்ளே இரண்டு பல் போன சக்கரம்.

மேக்னட்டோவில் அவன் சுற்றிய சிவப்பு டேப்.

"கோபாலு... ஆளு? ஆளு எதுனா கெடைச்சுதா?"

"வண்டி மட்டும்தான் சார். அத்தினி ஆழம் தோண்டியும் ஒரு எலும்புகூட இல்லியாம்."

பின்பக்கம் பார்த்தான். பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் பெட்டி இல்லை.

சீட் இருந்தது.

நீல ரெக்சின். காந்தாவின் தையல். காய்ந்து, சுத்தமாக. ஒரு துளி சேறு இல்லை.

வெளியே ஓடிவந்தான். தன் வண்டியின் பின் சீட்டைப் பார்த்தான். தார்ப்பாய் போர்த்தியபடி இருந்தது. நாலு வருஷத்துக்கு முன் அவன் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. இறுகிப்போயிருந்ததை அவிழ்க்க முடியவில்லை. கத்தி வாங்கி அறுத்தான்.

தார்ப்பாய்க்குக் கீழே இறால் பெட்டியின் மரப்பலகை. ஊறிப்போய், கறுப்பாக. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே சேறு. சேற்றில் ஒரு ஆள் உட்கார்ந்த தடம்.

காந்தாவின் சீட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். சகாதேவன் வண்டி இன்றுவரை கோபால் கடை வாசலில்தான் நிற்கிறது. விற்றுவிடச் சொல்லிவிட்டான். சாமான் சாமானாக விற்க வேண்டாம், முழுசாகக் கொடுத்துவிடு என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

அன்று சாயங்காலம் என் கடையில் வந்து உட்கார்ந்தான். மடியில் அந்தச் சீட்டு. பக்கத்தில் போனபோது எனக்கே சேற்று வாடை அடித்தது. இருபத்தொரு நாள் பின்னால் உட்கார்ந்து வந்தது யார் என்று அவன் என்னைக் கேட்கவில்லை. அது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் கேட்டது வேறு.

"அவ சீட்டு அந்த வண்டில இருந்துச்சுப்பா. அப்ப இருபத்தொரு நாளும் அவ எங்க இருந்தா?"